இரண்டாம் மாடிக்கு ஏறிய பசு

சரவணா,

'அன்புள்ள' என்று போட்டுத்தான் எப்போதும் உனக்கு எழுதுவேன். இன்றைக்கு அந்தச் சொல் பேனாவிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது. கோபம் ஆறட்டும் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. ஆறாத கோபத்தோடேயே எழுதுகிறேன். ஃபோனில் சொல்லலாம்தான்; ஆனால் நான் பேசப் பேச நீ "சரிம்மா, சரிம்மா" என்றபடியே கம்ப்யூட்டரைத் தட்டுவாய், அந்தத் தட்டல் எனக்கு இங்கே திருவண்ணாமலை வரைக்கும் கேட்கும். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. உட்கார்ந்து முழுக்கப் படி. படித்துவிட்டுக் கவிதாவிடமும் கொடு. உன் பெண்டாட்டிக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான் இதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகையில் மல்லியிடம் பால் கறந்துகொண்டிருந்தேன். ஒருவர் வந்து நின்றார். தோளில் புதுக் கயிறு. மல்லி அவரைப் பார்த்ததுமே பாலை அடக்கிக்கொண்டாள். காம்பை எத்தனை நீவினாலும் ஒரு சொட்டு இறங்கவில்லை. மாட்டுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை. யாருங்க என்று கேட்டேன்.

"கீழ்பென்னாத்தூர்லருந்து வர்றேங்கக்கா. உங்க பையன் ஃபோன் பண்ணாரு. மாட்டைப் பாத்து முடிச்சுக்கச் சொன்னாரு."

"எந்த மாட்டை?"

"இதைத்தாங்க. நீங்களும் அண்ணனும் மெட்ராஸுக்கே போறீங்களாமே. வண்டி ரோட்டுல நிக்குது. இன்னிக்கே ஏத்திக்கினு போயிட்டா உங்களுக்கும் வேலை கம்மி."

அவர் மேல் குற்றமில்லை. சொன்ன வேலைக்கு வந்தவர். காபி போட்டுக் கொடுத்து, மாடு விற்பதற்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த உன் அப்பா திரும்பியே பார்க்கவில்லை. ஒரு மனிதர் அவ்வளவு நேரம் பல் துலக்கினால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கேட்டேன். "பையன் ஆசையாக் கூப்புடறான். எத்தினி நாளைக்குத்தான் சாணி அள்ளிக்கினு இருப்ப? உனுக்கு முட்டி வலி வேற ஜாஸ்தியாயிடுச்சு," என்றார். நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்திருக்கிறீர்கள். மாட்டைக் கேட்க வேண்டாம், சரி. அதைக் கறக்கிறவளைக்கூடவா கேட்க வேண்டாம்? அன்றைக்கெல்லாம் உன் அப்பாவுக்குச் சோறு போட்டேன், பேச்சு போடவில்லை. அவரை இங்கேயே கவனித்துக்கொண்டேன். இனி உன் முறை.

இந்த மாட்டை விட்டுவிட்டு வர மனசில்லாமல் அம்மா அடம்பிடிக்கிறாள் என்று நீ கவிதாவிடம் சொல்லியிருப்பாய். அப்படி இல்லை. மல்லிக்கு வயதாகிவிட்டது, எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, சத்துணவுக் கூடத்தில் காலையெல்லாம் நின்றுவிட்டு வந்தால் முட்டி வீங்கத்தான் செய்கிறது. பக்கத்து வீட்டு சரோஜா இரண்டு முறை கேட்டுவிட்டாள், நல்ல கையில் கொடுத்துவிட்டு ஒருநாள் கிளம்ப வேண்டியதுதான் என்று நானே நினைத்திருந்தேன். என் மனசு அடைத்துக்கொண்டது வேறொரு மாட்டினால். உன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வந்ததே, அந்த மாடு.

ஒரு வாரம் முன்பே உனக்கு ஃபோனில் சொன்னேன். வழவழப்பான தரையில் குளம்பு நிற்காது, கோணிச் சாக்கை நனைத்துப் படியிலிருந்து பூஜை இடம் வரைக்கும் விரிக்க வேண்டும் என்று. பட்டணத்தில் சாக்குக்கு எங்கே போவாய் என்று சத்துணவு அரிசி வந்த சாக்குகளைத் துவைத்துக் காயவைத்துக் கட்டாகக் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரி மூக்கைச் சுளித்தாள், பரவாயில்லை என்று வந்தேன். விடிவதற்குள் எழுந்து நானே விரித்தேன். அதற்குப் பிறகு சமையலறையில் மாவிலை கட்டப் போனேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் வீடியோக்காரர் உன்னிடம் சாக்கு அசிங்கமாகத் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார். நீ அதை உன் கையாலேயே சுருட்டிக் குளியலறையில் போட்டாய். யாரோ வேலையாள் எடுத்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டிருப்பேன். மாட்டுக் கொட்டகையில் தவழ்ந்து வளர்ந்தவன் நீ. குளம்பு எதில் நிற்கும் எதில் வழுக்கும் என்று உனக்குத் தெரியாது என்று யாரிடமாவது சொல், நம்புவார்கள். என்னிடம் சொல்லாதே.

நான் வெளியே வந்தபோது மாடு வாசற்படியில் முன்காலை வைத்துவிட்டது. வெள்ளை மாடு, கொம்பில் மஞ்சள், கழுத்தில் மல்லிச் சரம். பின்னால் கன்று. அதைக் கூட்டிவந்த பால்காரர் பாபு கயிற்றை இழுக்க, பின்னால் இரண்டு பேர் தள்ள, இரண்டு மாடி ஏறி வந்திருந்தது. மூச்சு வாங்கியது. உள்ளே இரண்டு எட்டு வைத்தது. மூன்றாவது எட்டில் பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கமாகப் போய், அது அப்படியே தரையில் உட்கார்ந்தது. தொடைக்குள் என்னவோ 'படக்' என்றது எனக்குக் கேட்டது. கன்று கத்தியது. பயத்தில் மாடு சாணி போட்டது. அப்போது உன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "டைல்ஸ், டைல்ஸ், யாராவது துணி எடுத்துட்டு வாங்க." பின்னால் யாரோ சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவமானத்தை மறைக்கச் சிரித்தாய் என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாபுவும் நானும் பெயின்ட் அடிக்க வந்திருந்த ஒருவரும் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தினோம். மாடு படி ஏறிவிடும், இறங்கத்தான் அதற்குத் தெரியாது. கீழே பார்க்கப் பார்க்க நடுங்கும். நல்ல காலோடு இறங்குவதே பாடு, அது ஒரு காலை ஊன்ற முடியாமல் இறங்கியது. ஒவ்வொரு படிக்கும் நின்றது. நான் பின்னால் வாலைப் பிடித்துக்கொண்டு, பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, "மெல்ல, மெல்ல வாடி என் தாயி" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நீ மேலே கைப்பிடியில் சாய்ந்து கூப்பிட்டாய்: "அம்மா, நல்ல நேரம் முடியப் போவுது. நீதான் பால் காய்ச்சணும். அவங்க பாத்துப்பாங்க, மேல வா."

வந்தேன். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த மாட்டைத் தெருவில் அப்படியே விட்டுவிட்டு, மாடி ஏறி வந்து, நகக்கண்ணில் சாணியோடு பாலைக் காய்ச்சினேன். பொங்கியதும் எல்லோரையும் போல நானும் சிரித்தேன். எந்த மாட்டின் காலை உடைத்தோமோ அந்த மாட்டின் பால்தான் அந்தச் சொம்பில் இருந்தது. உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என் மேல் இருக்கிற கோபம் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன். அதற்காக உன் பாதி குறைந்துவிடாது.

அதோடு போயிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். போன வாரம் கிரகப்பிரவேச சிடியை அனுப்பினாய். ஆசையாகத்தான் போட்டோம். சரோஜா வந்தாள், அவள் மருமகள் வந்தாள், எதிர்வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். உன் வீட்டைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு மாடு வந்தது. அது வழுக்கி விழுகிற இடத்தில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டிருக்கிறார்கள். விழுந்ததும் படம் பின்னால் போகிறது, மாடு எழுந்து நிற்கிறது, மறுபடி விழுகிறது, மறுபடி 'டொய்ங்'. மூன்று தடவை. எதிர்வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. உன் அப்பாவும் சிரித்தார். படத்தின் ஓரத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன், அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். நீ இதைப் பார்க்காமலா அனுப்பினாய்? பார்த்துவிட்டுத்தானே "அந்த காமெடியப் பாத்தியாம்மா" என்று ஃபோனில் கேட்டாய்?

சரி, உனக்கு மறந்துபோன சில விஷயங்களைச் சொல்கிறேன். நம் ஊர் தனி மாவட்டமான வருடம் உனக்கு ஏழு வயது. உனக்கு ஒரு தங்கை பிறந்தாள். எட்டாம் மாதத்திலேயே வந்தாள், மூன்றாம் நாள் போய்விட்டாள். பெயர்கூட வைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான், நான் எழுந்திருக்கவில்லை. சோறு வேண்டாம், தலை வார வேண்டாம், நீயும் வேண்டாம். ஆமாம், நீயும் வேண்டாம் என்றுதான் இருந்தது, இன்றைக்குச் சொல்கிறேன். மார்பில் பால் கட்டிக்கொண்டு நெருப்பாக எரிந்தது, குடிக்க வாய் இல்லை. அந்தச் சமயம் நம் வீட்டில் செவலை இருந்தாள், கன்று போட்ட மாடு. வேறு யாரையும் மடியில் கை வைக்க விட மாட்டாள். உன் அப்பா போய் உதை வாங்கிக்கொண்டு வந்தார். ஒருநாள் காலையில் அவள் கத்த ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நீ வந்து என் தோளைத் தொட்டாய். "அம்மா, செவலை அழுவுதும்மா. அதுக்கு வலிக்குதும்மா," என்றாய்.

எழுந்தேன். எதற்காக எழுந்தேன் என்று இன்றைக்கும் விளக்கத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மடி கல்லாக இருந்தது. அவள் விலாவில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு கறந்தேன். அவளுக்குப் பால் இறங்க இறங்க எனக்கும் இறங்கி ரவிக்கை நனைந்தது, அப்போதுதான் முதன்முதலாக அழுதேன். அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள் என்று கதை கட்ட மாட்டேன். அவளுக்கு வலித்தது, ஆள் வேண்டியிருந்தது. மறுநாள் காலையும் வேண்டியிருந்தது. அன்று மாலையும் வேண்டியிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் என்னை எழுந்திரு, எழுந்திரு என்றார்கள். அவள் மட்டும்தான் எழுந்திருக்க ஒரு வேலையும் கொடுத்தாள். தண்ணீர் காட்ட வேண்டும், வைக்கோல் உதற வேண்டும், சாணி அள்ள வேண்டும். இப்படி வேளைக்கு வேளை செய்து செய்து, ஒரு மாதம் கழித்து ஒருநாள் உனக்குத் தலை வாரிவிட்டேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உனக்கு உன் அம்மாவைத் திருப்பிக் கொடுத்தது ஒரு மாடு என்று நான் சொல்வது அலங்காரத்துக்கு இல்லை.

அவள் பால்தான் செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர்களுக்குப் போயிற்று, டீக்கடைக்குப் போயிற்று, அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து ரைஸ்மில் வேலைக்குப் போகாமல் படுத்திருந்த மாதங்களில் அதுதான் நம் அடுப்பை எரித்தது. நன்றி என்றால் நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய்? மாட்டுப் பொங்கலுக்கு என் செல்லுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினாய், உழைக்கும் மாட்டுக்கு நன்றி சொல்வோம் என்று. மல்லியிடம் காட்டினேன். அவள் செல்லை நக்கிப் பார்த்துவிட்டு வைக்கோலைத் தின்னப் போய்விட்டாள். அவளுக்கு வேண்டியது வேளைக்கு ஒரு தொட்டித் தண்ணீர். எனக்குத் தெரிந்த நன்றி அவ்வளவுதான், அதை ஒருநாள் தவறாமல் செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. இங்கேதான் நான் என் தப்பைச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் உனக்கு டைஃபாய்டு வந்தது. நாக்கெல்லாம் வெளுத்து, பேச்சுக் குழறி, ஆளே அடையாளம் தெரியாமல் போய்விட்டாய். நான் தெருக்கோடி அம்மன் முன்னால் விழுந்து, பிள்ளை பிழைத்தால் கொட்டகையில் இருக்கிற காளைக்கன்றை அவளுக்கே நேர்ந்து விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அந்தக் கன்று செவலைக்குப் பிறந்தது. சக்கரை என்று அதற்குப் பெயர் வைத்தவன் நீ. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வாய். வேண்டிக்கொள்ள என்னிடம் என் மூக்குத்தி இருந்தது, முடி இருந்தது. உன் கன்றை நேர்ந்தேன். நீ பிழைத்தாய். நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அதைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, காதில் அடையாளம் போட்டுத் தெருவில் அவிழ்த்துவிட்டேன். நேர்ந்து விட்ட மாட்டை மறுபடி வீட்டில் கட்டக் கூடாது, அது சாமி மாடு, ஊரே பார்த்துக்கொள்ளும் என்பது வழக்கம்.

ஊர் பார்த்துக்கொண்ட லட்சணம் உனக்குத் தெரியும். காய்கறிக்கடையில் வாய் வைத்தால் தடியால் அடித்தார்கள். ஒருத்தி வெந்நீரை ஊற்றி முதுகுத் தோல் உரிந்துபோயிற்று. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அது வாழைப்பழத்துக்குக் கழுத்தை நீட்டினால் விரட்டினார்கள். முதல் வாரமெல்லாம் ராத்திரி ஆனால் அது நம் கொட்டகை வாசலில் வந்து நின்று செவலையைக் கூப்பிடும். நான் கதவைத் திறக்கவில்லை. சாமி குற்றம் ஆகிவிடும், மறுபடி உனக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று பயம். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினம் சாயங்காலம் வீட்டில் அரிசி களைந்த கழுநீரைத் தூக்குவாளியில் ஊற்றி, ஒரு கை தவிடு போட்டு, மூடிக்கொண்டு கிளம்பிவிடுவாய். சக்கரை எங்கே நின்றாலும் தேடிப் பிடித்துவிடுவாய். சில நாள் மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலை வரைக்கும் போயிருக்கிறாய். மழை பெய்தாலும் போனாய், அரைப் பரீட்சையிலும் போனாய். வீட்டில் கட்டத்தானே கூடாது, தண்ணீர் காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று ஒன்பது வயதில் நீயே யோசித்துக் கண்டுபிடித்தாய். அம்மன்கூட உன்னைப் பார்த்து வெட்கப்பட்டிருப்பாள்.

ஒன்றரை வருடம் அப்படிப் போனது. ஒருநாள் வாளி தளும்பத் தளும்பத் திரும்பி வந்தாய். சக்கரையை எங்கேயும் காணோம். யாரோ அடிமாட்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று ஊருக்கே தெரியும், உனக்குச் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நீ என் முன்னால் வந்து நின்று கேட்டாய்: "சாமிக்குன்னுதான குடுத்த? சாமி ஏன் பாத்துக்கல? நீ ஏன் பாத்துக்கல?" நான் உன்னை அறைந்தேன். நாலு விரலும் கன்னத்தில் பதிந்தது. பதில் தெரியாதவர்கள்தான் கை ஓங்குவார்கள். அதற்குப் பிறகு நீ கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. செவலை செத்தபோதுகூட வாசலிலேயே நின்றாய். பையன் பெரியவன் ஆகிவிட்டான், படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். உன்னை நான் என்ன செய்துவிட்டேன் என்பது அந்த 'டொய்ங்' சத்தத்தைக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறைக்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன், சரவணா. சக்கரைக்கும் சேர்த்துக் கேட்கிறேன். நான் கதவைத் திறந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. அந்த வயதில் உன் மனசைக் கல்லாக்கியது நான் என்றால், இந்த வயதில் அதைக் கல்லாகவே வைத்திருப்பது நீ. எல்லாவற்றையும் அம்மா தலையில் கட்டிவிட்டு ஏ.சி. அறையில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று பார்க்காதே.

உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் காலையில் காய்கறி வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன் இல்லையா, காய்கறிக்குப் போகவில்லை. பாபுவின் வீடு எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனேன். உன் தெருவிலிருந்து நாலாவது தெரு, சாக்கடை ஓரத்தில் தகரக் கொட்டகை. மாட்டின் பெயர் ஜோதி. சிமெண்ட் தரையில் படுத்துக்கிடந்தது. எழுந்திருக்க முடியவில்லை. கன்று அதன் வயிற்றடியில் முட்டியிட்டுப் பால் குடித்துக்கொண்டிருந்தது. பாபு என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இன்னாம்மா பண்றது. நாலு நாள் பாப்பேன். எந்திரிக்கலன்னா அனுப்பிட வேண்டியதுதான். எனுக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

"அனுப்பாதீங்க," என்றேன். "நான் சொல்ற மாதிரி செய்ங்க."

செவலைக்கு ஒருமுறை இப்படி ஆனபோது மாட்டாஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் சொன்னேன். சிமெண்டில் போடாதீர்கள், மணல் கொட்டுங்கள். வைக்கோல் திணித்த சாக்கை இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவையுங்கள். வேளைக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போடுங்கள். உப்பு வறுத்து ஒத்தடம் கொடுங்கள். டாக்டரைக் கூட்டிவந்து ஊசி போடுங்கள். உன் குளியலறையில் சுருண்டு கிடந்த சாக்குக் கட்டை முதல் நாளே எடுத்துப் பையில் வைத்திருந்தேன், அதையே கொடுத்தேன். பாபுவும் நானும் சேர்ந்து அடைத்து முட்டுக்கொடுத்தோம். கிளம்பும்போது அதன் நெற்றியைத் தடவினேன், கண்ணை மூடிக்கொண்டது. உன்னிடம் கீரை கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

பாபு என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். பதினோராம் நாள் ஃபோன் வந்தது. "யம்மா, எந்திரிச்சு நின்னுடுச்சும்மா." தன் பிழைப்பைக் கெடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டு நல்ல சேதி சொல்ல அவருக்கு மனசு இருந்தது பார். நேற்று நானே கூப்பிட்டு விசாரித்தேன். கால் கொஞ்சம் இழுக்கிறதாம், நடக்கிறதாம். படி மட்டும் ஏற மாட்டேன் என்கிறதாம். பிளாட்பாரத்தின் ஒற்றைப் படியைக் கண்டால்கூட உடம்பெல்லாம் நடுங்கி நின்றுவிடுகிறதாம். கிரகப்பிரவேசத்துக்கெல்லாம் இனி அதை ஓட்டிப் போவதில்லையாம். எங்கே மேய விடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"உங்க பையன் ஊட்டுக்கு நேர் கீழதாம்மா. சாய்ங்காலத்துல அந்தக் குப்பைத்தொட்டியாண்ட நிக்கும். தம்பி ஆபீஸ்லருந்து காருல வரும்போது ஹாரன் அடிக்கும், நான்தான் புட்ச்சு நவுத்துவேன்."

கேட்டாயா? தினமும் நீ ஹாரன் அடித்து விரட்டுகிற மாடு அதுதான். உன் வீட்டுக்கு மகாலட்சுமி வர வேண்டும் என்று இரண்டு மாடி ஏற்றினாயே, அந்த மாடு. காலை இழுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பையைக் கிழித்து மிச்சத்தைத் தின்றுகொண்டு, உன் பால்கனிக்கு நேர் கீழே நிற்கிறது. மேலேயிருந்து ஒருநாளாவது குனிந்து பார்த்தாயா?

நான் உன் வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்பதை இனி நீதான் முடிவு செய்ய வேண்டும். வருடா வருடம் கோதானம் செய், பூஜை செய் என்றெல்லாம் சொல்லவில்லை. அந்த சிடியை உடைத்துப் போடு என்றுகூடச் சொல்லவில்லை. உன் வீட்டிலும் தினம் அரிசி களைகிறீர்கள். அந்தத் தண்ணீரைச் சிங்க்கில் கொட்ட வேண்டாம் என்று கவிதாவிடம் சொல். சாயங்காலம் அதை ஒரு பக்கெட்டில் ஊற்றி, ஒரு கை தவிடு போட்டு, லிஃப்டில் போகாதே, ஜோதி இறங்கிய அதே படியில் ஒவ்வொரு படியாக நீ இறங்கு. முதல் நாள் உன்னைக் கண்டு பயப்படும். பக்கெட்டை வைத்துவிட்டுத் தள்ளி நில். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், சக்கரை வெந்நீர் பட்ட பிறகு யாரையும் கிட்டே சேர்க்காதபோது நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்.

அது குடித்தால் எனக்கு ஃபோன் பண்ணு. நான் மல்லியை சரோஜாவிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் உன் அப்பாவோடு ஏறுகிறேன். குடிக்காவிட்டால் ஃபோன் வேண்டாம். மறுநாளும் இறங்கு.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா